பொட்டு ஒட்டாத கண்ணாடி

கலையரசிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு ஆபத்து என்பது அவளுடைய உதவியாளர் பானுப்ரியாவுக்கு நன்றாகத் தெரியும். அன்று காலை, விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் இருந்த அந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்தில், கலையரசி பேசியது எதிர் நாற்காலிவரை போய்ச் சேர்ந்ததே அதிசயம்.

"மறுபடி சொல்லு அஸ்வினி. அந்தக் கதவை நீ இழுத்தியா, தள்ளினியா?"

"தள்ளினேன் மேடம்." அந்தப் பெண் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "தள்ளினேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"போன வாரம் வரைக்கும் நிச்சயமாத் தெரிஞ்சுது மேடம். ஆளாளுக்கு இல்ல இல்லன்னு சொல்லிக்கினே இருக்கறதுல, இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

கலையரசிக்குச் சுருக்கென்றது அந்தக் கடைசி வாக்கியம்தான். ஒருத்தியின் வேலையைப் பறிப்பது ஒரு வகை அநியாயம். அவள் கண்ணால் பார்த்ததையே அவளிடமிருந்து பறிப்பது வேறு வகை. இரண்டாவதைச் செய்கிறவர்களைக் கலையரசி என்றைக்குமே மன்னித்ததில்லை.

விஷயம் இதுதான். அஸ்வினி கம்ப்ளையன்ஸ் ஆடிட்டர். ஆடிட்டர் என்றதும் வரவு செலவு பார்ப்பவர் என்று நினைப்போம். இது வேறு. வெளிநாட்டு பிராண்டுகள் நம் ஊர்த் தொழிற்சாலைகளில் செருப்பு, சட்டை என்று தைத்து வாங்குகின்றன அல்லவா? அங்கே வேலை செய்கிறவர்கள் ஒழுங்காக நடத்தப்படுகிறார்களா, தீப்பிடித்தால் தப்பிக்க வழி இருக்கிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று மூன்றாம் ஆள் ஒருவர் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த மூன்றாம் ஆள்தான் இவள். இவள் கையெழுத்துப் போட்டால்தான் ஆலைக்கு ஆர்டர்.

திண்டிவனத்துக்கு வெளியே இருந்த சுடர்மணி காலணி ஆலையை அஸ்வினி பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றாம் ஹாலின் அவசரக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் அதே ஒன்றாம் ஹாலில் பசை டின் ஒன்று தீப்பிடித்தது. தையல் மிஷின்களை விட்டுப் பெண்கள் அந்தக் கதவை நோக்கி ஓடினார்கள். கதவு திறக்கவில்லை. அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு.

உள்பக்கம் திறக்கும் கதவில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு ஆள் ஓடினால் ஒன்றும் இல்லை. இழுத்துத் திறந்துகொண்டு போகலாம். நூறு பேர் ஓடினால், முன்னால் இருப்பவள் கதவை இழுக்க ஓரடி பின்னால் வர வேண்டும். பின்னால் இருப்பவர்கள் விடமாட்டார்கள். விட முடியாது, அவர்களையும் யாரோ தள்ளிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தின் பயமே அந்தக் கதவுக்குப் பூட்டாகிவிடும். அதனால்தான் அவசரக் கதவு எதுவானாலும் வெளியே திறக்க வேண்டும் என்பது விதி. தீ சீக்கிரமே அணைந்துவிட்டது. நெரிசல் அணையவில்லை. பலருக்குக் கை கால் முறிவு. கலைப்பிரியா என்ற பெண்ணுக்கு விலா எலும்பு முறிந்து நுரையீரலில் குத்தியிருந்தது.

கதவு ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்றது ஆலை. அஸ்வினி பார்க்காமலேயே எழுதிவிட்டாள் என்றது அவளுடைய கம்பெனி. நாளைக் காலை சென்னையில் விசாரணை. அதில் அவளுடைய ஆடிட்டர் பதிவு ரத்தாகும். அது முடிந்ததும் போலீஸ் கேஸ். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற அப்பா அம்மாவுக்குப் பிறந்து, தன் தெருவிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு வேலைக்குப் போன முதல் பெண் அவள்.

கலையரசியை அமர்த்தியது அந்தக் கம்பெனியின் விழுப்புரம் கிளை மேலாளர் தென்னரசு. முந்தின நாள் போனில் உருகியிருந்தார். எங்க பொண்ணுங்க, பெண்கள் இந்தத் துறையில மேல வரணும்னு பாடுபடுறவன் நான், நீங்க ஒரு தடவை சுதந்திரமா விசாரிச்சு எழுதிக் கொடுத்தா மனசு ஆறும் என்றார். கதவுக் கீல்களின் புகைப்படங்களையும் அவரே அனுப்பிவைத்தார். அதை மட்டும் பார்த்தால் போதும் என்றும் சொல்லியிருந்தார்.

"மகளிர் தினத்துக்கு இவரு ஆபீஸ்ல ரோஜாப்பூ கொடுப்பாராமே?" என்று பானுப்ரியா கேட்டாள். "ரோஜாப்பூ கொடுக்கிற ஆளுங்கள நான் நம்புறதில்லக்கா. முள்ளைக் கிள்ளி எங்க வைக்கிறாங்கன்னு தெரியாது."

கலையரசி புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கீல்களில் பழைய துரு. திருகாணிகளின் தலைமேல் பெயின்ட் அடுக்கடுக்காக உட்கார்ந்து, திருப்புளி நுழையும் காடியே மூடியிருந்தது. ஒரு கதவைத் திருப்பி மாட்ட வேண்டுமென்றால் திருகாணியைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் பெயின்ட் உடையும். உடையவில்லை. ஆக, இந்தக் கதவை யாரும் தொட்டதே இல்லை. இது என்றைக்குமே உள்ளே திறந்த கதவுதான்.

"அப்ப நான்தான் பொய்யா மேடம்?" என்றாள் அஸ்வினி.

"கதவும் பொய் சொல்லல. நீயும் பொய் சொல்லல." கலையரசி எழுந்து செருப்பை மாட்டினாள். "அப்படின்னா நீ தள்ளினது இந்தக் கதவை இல்ல. பானு, வண்டியை எடு."

பானுப்ரியாவின் கார் கிளம்புவதற்கே ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வழியாக அது பைபாஸ் ஏறியதும், கலையரசி பின்னால் திரும்பி அஸ்வினியைக் கண்ணை மூடச் சொன்னாள். அன்றைக்கு ஆலை கேட்டில் இறங்கியதிலிருந்து நடக்கச் சொன்னாள், மனதுக்குள்.

போனை கேட்டிலேயே வாங்கிவைத்துக்கொண்டார்கள். எல்லா ஆலையிலும் அதுதான் வழக்கம், அதனால்தான் அவளிடம் ஒரு புகைப்படமும் இல்லை. உள்ளே ஒரே மாதிரி இரண்டு கட்டடங்கள். ஒன்று ஷட்டர் இறக்கி இருந்தது, குடோன் என்றார்கள். இன்னொன்றில் ஒன்றாம் ஹால் என்று போர்டு. அதற்குள் அழைத்துப் போனார்கள். அஸ்வினி நேராகப் போனது பெண்கள் கழிவறைக்கு.

"ஏன் அங்க மொதல்ல?" என்று கலையரசி கேட்டாள்.

அது அவளாக வைத்துக்கொண்ட பழக்கமாம். இந்தத் துறையில் பெரும்பாலும் ஆண்கள். ஆண் ஆடிட்டர் பெண்கள் கழிவறைக்குள் போக முடியாது. கதவில் பெண் படம் ஒட்டியிருக்கிறதா என்று வெளியே நின்று பார்த்து டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார். அதனால் ஆலைகளில் பல வருடமாக எந்த ஆடிட்டரும் எட்டிப் பார்க்காத ஒரே அறை அதுதான். தாழ்ப்பாள் இருக்காது, தண்ணீர் இருக்காது, வாளி ஓட்டையாக இருக்கும். ஓர் ஆலையின் லட்சணத்தை அங்கேதான் பார்க்க வேண்டும் என்பது அஸ்வினியின் கணக்கு. கலையரசி மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டாள்.

"அங்க எப்படி இருந்துது?"

"சூப்பரா இருந்துது மேடம். சோப்பு, தாழ்ப்பாள், மூடி போட்ட குப்பைத்தொட்டி, எல்லாம். கண்ணாடி அவ்ளோ சுத்தம். என் மூஞ்சே எனக்குப் புதுசாத் தெரிஞ்சுது. அதுக்கப்பறம்தான் ஹாலைச் சுத்திப் பார்த்து, கதவைத் தள்ளிப் பார்த்து…"

கலையரசி அந்தக் கழிவறையை அப்படியே மனதில் ஒருமுறை கழுவித் துடைத்து வைத்தாள். எங்கேயோ ஒன்று இடித்தது. என்னவென்றுதான் தெரியவில்லை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தினார்கள். கலைப்பிரியா அங்கேதான் இருந்தாள். வானூர்ப் பக்கத்துப் பெண். மூக்கில் குழாய், பேச முடியாது. பக்கத்தில் அவளோடு தையலில் வேலை செய்யும் கெங்கம்மாள் துணைக்கு இருந்தார். ஷிப்ட் இல்லாத நேரத்தில் வந்து பார்த்துக்கொள்கிறாராம். ஷிப்ட்டா என்று கலையரசி கேட்டாள். ஆமாம், கரி பிடித்த சுவரில் வெள்ளை அடித்துத் திங்கட்கிழமையே ஹாலைத் திறந்துவிட்டார்கள், வராதவர்கள் இனி வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார் கெங்கம்மாள்.

"அதே கதவா?"

"அதே கதவுதாம்மா. பக்கத்துல ஒரு வாளி மணல் வச்சிக்கீறானுங்க. சாமி கும்புடுற மாதிரி."

அஸ்வினி யாரென்று சொன்னதும் கெங்கம்மாளின் முகம் மாறியது. நீதானா அது, நீ கையெழுத்துப் போட்டதாலதான் இந்தப் பொண்ணு இப்படிக் கிடக்குது என்று நேராகவே சொன்னார். அஸ்வினி கட்டிலருகே போனாள். கட்டிலில் இருந்தவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கெங்கம்மாளும் அதற்குமேல் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து, கலைப்பிரியாவின் முகத்தைத் துடைக்கக் குனிந்தார்.

துடைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் எடுத்துக் கட்டில் கம்பியில் ஒட்டினார். முகம், கழுத்து, காதோரம் எல்லாம் துடைத்துவிட்டு, பொட்டைக் கம்பியிலிருந்து எடுத்து மறுபடி நெற்றியில் வைத்தார். அந்தக் கம்பியில் ஏற்கெனவே இன்னும் சில பொட்டுகள் இருந்தன. இதற்கு முன்னால் அந்தக் கட்டிலில் படுத்திருந்த யார் யாருடையதோ.

கலையரசி அந்தக் கம்பியையே பார்த்தாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள்.

"கெங்கம்மா, உங்க ஹால்ல பாத்ரூம் கண்ணாடி எப்படி இருக்கும்?"

"கண்ணாடியா? எங்கம்மா தெரியுது கண்ணாடி? முழுக்கப் பொட்டு. மதியம் மூஞ்சி கழுவுறப்ப ஒட்டுறதுதான். பாதிப்பேரு மறந்துட்டு ஓடிடுவாளுங்க, பெல் அடிச்சா. நடுவுல ஒரு முறத்தளவுதான் மூஞ்சி பார்க்க இடம்."

இதைத் தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்வாள். பெண்கள் கூடி வேலை செய்கிற இடத்தில், ஹாஸ்டலில், பள்ளியில், கண்ணாடியின் ஓரமெல்லாம் பொட்டு முளைத்திருக்கும். சுரண்டி எடுத்தாலும் போகாது. அந்தப் பசை கண்ணாடியில் வட்டமாக நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். பெண்கள் வருடக்கணக்காக வேலை பார்க்கிற ஹாலில் முகம் புதிதாகத் தெரிகிற கண்ணாடி இருக்கவே முடியாது.

"நீ போன ஹால்ல பொம்பளைங்க வேலையே செஞ்சதில்ல அஸ்வினி" என்றாள் கலையரசி.

அஸ்வினி கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மீதி கெங்கம்மாளிடமிருந்து வந்தது. திருவாமாத்தூர்த் தேருக்குப் போக வேண்டும் என்று பெண்கள் லீவு கேட்டிருக்கிறார்கள், கொடுக்கவில்லை. தேருக்கு மறுநாள், கேட்காமலேயே, கரண்ட் வேலை என்று ஹால் முழுவதற்கும் லீவு விட்டுவிட்டார்கள். வேறு யூனிட்டிலிருந்து வேனில் ஆட்கள் வந்ததாகக் கேள்வி. அந்த மறுநாள்தான் ஆடிட். அஸ்வினிக்கு நன்றாக நினைவிருந்தது, தேர்க் கூட்டம் கலையாமல் பஸ்ஸில் நிற்க இடமில்லாத நாள் அது.

"அந்தக் குடோன் கட்டடம்?" என்று கலையரசி கேட்டாள்.

"அது நல்ல ஹாலும்மா. புதுசாக் கட்னது. அகலமா வழி விட்டு, கதவெல்லாம் வெளிய தொறக்கற மாதிரி. அட்டைப்பொட்டி அடுக்கி வச்சிக்கீறானுங்க."

கலையரசிக்குக் கணக்குப் புரிந்தது. விதிப்படி கட்டிய ஹாலில் மிஷினுக்கு மிஷின் இடைவெளி விட வேண்டும். அதனால் மிஷின் குறைவாகத்தான் பிடிக்கும். பழைய ஹாலில் நெருக்கி நெருக்கிப் போடலாம். ஆக, பத்திரமான ஹாலை அட்டைப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, மனுஷிகளைப் பழைய ஹாலில் அடைத்திருக்கிறார்கள். ஆடிட் வரும்போது மட்டும் பெட்டிகளை எடுத்துவிட்டு, போர்டை மாற்றி மாட்டி, நாலு வரிசை மிஷினைப் போட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று காட்டுகிறார்கள். காட்டுவதற்கு ஒரு ஹால், சாவதற்கு ஒரு ஹால்.

கெங்கம்மாள் அஸ்வினியை மறுபடி பார்த்தார். இந்த முறை பார்வையில் வேறு ஏதோ இருந்தது.

"உன்னையும் ஏமாத்திட்டானுங்களா பாப்பா?"

ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கிக்கொண்டு கார் நிழலில் நின்றார்கள். அஸ்வினியின் முகத்தில் கைக்குட்டை வேலை முடிந்திருந்தது. கண் சிவந்திருந்தாலும் அது அழுகைச் சிவப்பு இல்லை.

"ஒண்ணு கேக்கறேன்க்கா" என்றாள் பானுப்ரியா. "அட்டைப்பொட்டிங்க எதுக்கு மூஞ்சி பார்க்குது?"

"என்ன?"

"குடோன்ல லோடு ஏத்துற ஆம்பளைங்கதான் இருப்பானுங்க. அங்க எதுக்கு லேடீஸ் டாய்லெட்டுக்கு உள்ளாற கண்ணாடி, சோப்பு, மூடி போட்ட தொட்டி? ஆம்பள ஆடிட்டரு வந்தா வெளிய ஒரு படம் ஒட்டுனாப் போதும்னு இந்தப் பொண்ணே சொல்லுச்சி. உள்ளாற செலவு பண்ண எந்த மொதலாளிக்கு மனசு வரும்?"

கலையரசி டீயைக் கீழே வைத்தாள். சில சமயம் பானுப்ரியாவுக்குச் சம்பளத்தை உயர்த்திவிடலாமா என்று தோன்றும். இது அந்தச் சில சமயங்களில் ஒன்று.

முன்னறிவிப்பில்லாத ஆடிட் என்று ஒன்று உண்டு. அதுதான் அன்றைக்கு நடந்தது. எந்த நாள், எந்த ஆலை, எந்த ஆடிட்டர் என்பது ஆலைக்குத் தெரியவே கூடாது. அதன் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆனால் ஆலைக்கு நாள் தெரிந்திருக்கிறது, லீவு விட்டிருக்கிறார்கள். வரப்போவது பெண் என்பதும் தெரிந்திருக்கிறது, கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள்.

"உன்னை அனுப்பப்போறாங்கன்னு யார் யாருக்குத் தெரியும்?"

அஸ்வினி யோசித்தாள். முதலில் போக வேண்டியிருந்தது அன்புச்செல்வன் என்ற சீனியர். போன வருடம் இதே சுடர்மணிக்குப் போய், கதவைத் திருப்பி மாட்டச் சொல்லி எழுதியவர். ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் தென்னரசு அவளைக் கூப்பிட்டு, நீ போ, உனக்கு நல்ல சான்ஸ், தனியா ஒரு ஆலையை முடிச்சேன்னு பேர் வரும் என்றாராம். அன்புச்செல்வனிடம்கூடக் காலையில்தான் சொன்னார்களாம்.

"அன்புச்செல்வனுக்குப் பழைய ஹால் எதுன்னு தெரியும்" என்றாள் கலையரசி. "உனக்குத் தெரியாது."

"இல்ல மேடம்." அஸ்வினி தலையை வேகமாக ஆட்டினாள். "சார் அப்படி இல்ல. எனக்கு இன்டர்வியூ எடுத்தவரே அவருதான். உங்களை வரவழைச்சதே அவருதானே? தப்புப் பண்ணவரு துப்பறியறவங்களைக் கூப்புடுவாரா?"

நல்ல கேள்வி. கலையரசியிடம் பதில் இருந்தது. இந்தப் பெண்ணின் கண்ணை ஏற்கெனவே ஊரே சேர்ந்து சந்தேகப்பட வைத்துவிட்டது. இதையாவது அவளே பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

"இன்னிக்குத் தேதிக்கு உன் அடையாள அட்டை செல்லும் இல்ல?"

"நாளைக்கு விசாரணை வரைக்கும் செல்லும்."

"அப்ப இன்னிக்கு நீ ஆடிட்டர். சுடர்மணிக்குப் போவோம். நாம கிளம்பறது யாருக்கும் தெரியாது. நீயும் யாருக்கும் சொல்லாத."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பானுப்ரியா வழக்கம்போலச் சண்டை போட்டாள்.

ஆலை கேட்டுக்கு வெளியே வெயில் உருகிக்கொண்டிருந்தது. கம்பிக் கதவு வழியாக இரண்டு கட்டடங்களும் தெரிந்தன, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றில் ஷட்டர் இறங்கியிருந்தது. இன்னொன்றிலிருந்து தையல் மிஷின்களின் இரைச்சல் வந்தது. சுவரில் புது வெள்ளை, அதன்மேல் ஒன்றாம் ஹால் என்ற போர்டு. முற்றத்தில் ஒரு கன்டெய்னர் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அஸ்வினி அட்டையைக் காட்டி, முன்னறிவிப்பில்லாத மறு ஆய்வு என்றாள். காவலாளி அட்டையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், இருங்க மேடம் என்று அறைக்குள் போய் உள் போனை எடுத்தான். எச்.ஆர். சார் சாப்பிடப் போயிருக்கிறார், வெயிட் பண்ணச் சொன்னார் என்று வந்து சொன்னான். சாப்பிடப் போனவர் எப்படிச் சொன்னார் என்று பானுப்ரியா கேட்டதற்கு அவன் தொப்பியைச் சரிசெய்தான்.

"இப்ப உன் போனைக் கையில வச்சிக்க" என்றாள் கலையரசி. "யாரு கூப்புடறாங்கன்னு பாரு. அவ்வளவுதான்."

காவலாளி திரும்பித் தன் நாற்காலியில் உட்காருவதற்குள் போன் அடித்தது.

அஸ்வினி திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனைக் கலையரசி பக்கம் திருப்பிக் காட்டினாள். தென்னரசு சார்.

கலையரசி ஸ்பீக்கர் என்று சைகை காட்டினாள்.

"அஸ்வினி, என்னம்மா நீ, திண்டிவனத்துல போயி வெயில்ல நின்னுக்கினு?" குரல் தேனாக இருந்தது. "நாளைக்கு விசாரணையை வச்சிக்கினு இது தேவையா?"

"நான் திண்டிவனத்துல இருக்கறது உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு கணத்தில் அஸ்வினியின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று கழன்று விழுந்ததைக் கலையரசி பார்த்தாள். அது மரியாதை. பல வருடம் பத்திரமாக வைத்திருந்தது.

தென்னரசு சுதாரித்துக்கொண்டார். நிறையப் பேசினார். அவளுக்காகத்தான் எல்லாம் செய்கிறாராம். துப்பறிகிறவர் கீலைப் பார்த்துவிட்டு, அனுபவம் இல்லாத பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தால் தண்டனை குறையுமாம். ஒரு வருடம் பொறுத்துக்கொண்டால் அவரே மறுபடி எடுத்துக்கொள்வாராம், லீட் ஆடிட்டராகவே. உங்களை வரவழைச்சதே அவருதானே என்ற கேள்விக்கு அஸ்வினிக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவருக்குத் தேவைப்பட்டது விசாரணை இல்லை, விசாரித்தோம் என்ற ஒரு காகிதம்.

"ஏன் சார் என்னை அனுப்புனீங்க?" என்றாள். "அன்புச்செல்வன் சார் தெரிஞ்சிக்குவாருன்னா?"

"அப்படி இல்லம்மா. உன்ன மாதிரிப் பொண்ணுங்களுக்கு வாய்ப்புக் கொடுக்கணும்னு…"

"என்ன மாதிரின்னா?"

அவர் அதற்கும் நீளமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பானுப்ரியா கலையரசியின் காதருகே வந்தாள்.

"பேசுறாரு பேசுறாரு, பேசிக்கினே கீறாரு. இந்த ஆளு இன்னொரு கையில இன்னாக்கா பண்ணிக்கினு இருக்காரு?"

அஸ்வினிக்கு அது காதில் விழுந்தது. சட்டென்று போன் திரையைக் கீழே தள்ளிவிட்டு, ஆடிட் செயலியைத் திறந்தாள். தென்னரசு பேசிக்கொண்டே தன் கம்ப்யூட்டரில் அவளுடைய செயலிக் கணக்கை முடக்கிக்கொண்டிருக்கிறார். வேறென்ன.

அந்தச் செயலியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆடிட்டரை ஆலைக்குள் விடவில்லை என்றால், அதுவே மிகப் பெரிய குற்றமாக எண்ணப்படும். ஆடிட்டர் கேட்டில் நின்றபடியே சிவப்பு என்ற பொத்தானை அழுத்தலாம். அது மேலாளர் வழியாகப் போகாது, நேராக பிராண்டுக்குப் போகும். போய்ச் சேர்ந்த நிமிடமே அந்த ஆலையின் சரக்கு எதுவும் துறைமுகத்தில் ஏறாது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சிவப்பை யார் போட்டார்களோ அவர்கள் பெயரில்தான் அதை எடுக்க முடியும். வேறு யாராலும் முடியாது, மேலாளராலும் முடியாது. மேலதிகாரிகள் மிரட்டி மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

அஸ்வினியின் விரல் வேகமாக ஓடியது. உள்ளே விடவில்லை. ஹால் மாற்றிக் காட்டப்பட்டது. ஆடிட் நாள் முன்கூட்டியே ஆலைக்குத் தெரிவிக்கப்பட்டது. தெரிவித்தவர் என்ற இடத்தில் ஒரு நொடி நின்றாள். தென்னரசு என்று அடித்தாள்.

"இதை அனுப்பினா உன் வேலை போனதுதான்" என்றாள் கலையரசி. பொய்யாகத் தைரியம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "நாளைக்கு அங்க எப்படித் திருப்புவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

"உள்ள மிஷின் ஓடுது மேடம்."

அழுத்தினாள். சின்ன வட்டம் ஒன்று திரையில் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. தென்னரசு இன்னும் பேசிக்கொண்டிருந்தார். திரை சிவப்பானது. அதற்கு அடுத்த மூச்சிலேயே, உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது.

"லேட் பண்ணிட்டீங்க சார்" என்றாள் அஸ்வினி. இணைப்பைத் துண்டித்தாள்.

இனி ஒன்றும் அவர்கள் செய்ய வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் லாரி டிரைவருக்கு ஒரு போன் வந்தது. பெட்டி ஏற்றுவது நின்றது. சாப்பிடப் போயிருந்த எச்.ஆர். மேலாளர் அறிவுச்செல்வன், சாப்பிடாத கையோடு அலுவலகப் படியில் இறங்கி ஓடிவந்தார். சட்டை தொப்பலாகியிருந்தது. கேட்டைத் திற என்று காவலாளியைப் பார்த்துக் கத்தினார். மேடம், ஏதோ கம்யூனிகேஷன் கேப், உள்ள வாங்க, ஏசி ரூம்ல உட்கார்ந்து பேசலாம், உங்க சார்கிட்ட சொல்லி உங்க கணக்கை உடனே திறக்கச் சொல்றேன், அந்தச் சிவப்பை மட்டும் எடுத்துடுங்க என்று மூச்சு விடாமல் கெஞ்சினார்.

கலையரசி தள்ளி நின்றாள். யாரென்றே தெரியாத, எதற்கும் தலையாட்டுகிற ஒரு பெயர் வேண்டும் என்றுதான் இந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது அந்தப் பெயர் இல்லாமல் அவர்களால் ஒரு செருப்பைக்கூட வெளியே அனுப்ப முடியாது. அதை அனுபவித்துச் சிரிக்கலாம்தான். கலையரசிக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு வெளிப்பக்கம் திறக்கும் ஒரு ஹால் அங்கே ஷட்டர் போட்டுக் கிடந்தது.

கேட் அகலத் திறந்திருந்தது. அறிவுச்செல்வன் கையை நீட்டி வழி காட்டினார்.

"நான் உள்ள வரல சார்" என்றாள் அஸ்வினி. "மொதல்ல அவங்க வெளிய வரட்டும்."

"யாரு மேடம்?"

அவள் ஒன்றாம் ஹாலைக் கையால் காட்டினாள். அறிவுச்செல்வன் லாரியைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், மறுபடி லாரியைப் பார்த்தார். பிறகு காவலாளியிடம் தலையை அசைத்தார்.

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முன்வாசல் வழியாகப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள், கண் கூச, விரலில் பசையோடு, எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல். வேலை போய்விட்டதா என்று ஒருத்தி கேட்டாள். அஸ்வினி அவளிடம் போய், உள்ளே இன்னும் எத்தனை பேர் என்று கேட்டாள்.

போன் மறுபடி அடித்தது. தென்னரசு. பானுப்ரியா எட்டிப் பார்த்து, பாவம், ரோஜாப்பூ வாடிடுச்சாம் என்றாள். அஸ்வினி எடுக்கவில்லை. வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, அந்த வாசலையே பார்த்தபடி நின்றாள். உள்ளே இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.